விளையாடக் கொடுத்த படங்கள்

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கம்பெனிகளின் ஆயுத பூஜை என்று எல்லாவற்றுக்கும் போவேன். வேலைக்குச் சேர வரும் பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக் கொடுப்பதுதான் தினப்படி வேலை. இவற்றோடு இன்னொரு வேலையும் இருந்தது. நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் காவல் நிலையத்திலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். வண்டி நின்ற நிலையையும் பிரேக் தேய்த்த தடத்தையும் கிடக்கும் உடலையும் நாலு பக்கமிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

முதல் சில முறை சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது. ஒருநாள் காலையில் லாரிக்கு அடியில் சிக்கிய ஒருவரைப் படம் எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அதே கேமராவில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளை எடுத்தேன். "நமக்கெல்லாம் பழகிப்போச்சுப்பா" என்று மண்டபத்துச் சமையல்காரரிடம் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

படங்களைக் காவலர்களிடம் கொடுத்த பிறகு என்னிடம் இருப்பதை அழித்துவிட வேண்டும். யாரும் எழுதிக் கொடுத்ததில்லை என்றாலும் அதுதான் முறை என்று எனக்குத் தெரியும். நான் அழிக்கவில்லை. மறுபடி கேட்பார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, கணினியில் 'ஸ்டேஷன்' என்று பெயரிட்ட ஃபோல்டரில் எல்லாவற்றையும் போட்டு வைத்தேன்.

அதில் ஒரு மதிய நேரத்து விபத்து இருந்தது. இரண்டாம் ஷிஃப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் பக்கம் போன கம்பெனி பேருந்தின் இடது பக்கத்தில் கன்டெய்னர் லாரி இடித்திருந்தது. நான் போவதற்குள் அடிபட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். சாலையெல்லாம் சாப்பாட்டு டப்பாக்கள் திறந்து கிடந்தன. சுட்டுக்கொண்டிருந்த தாரில் எலுமிச்சை சாதமும் கண்ணாடித் தூளும் ஒன்றாகக் கலந்திருந்தன. இறந்தது ஒரே ஒருத்தி. ஜன்னல் வழியாக வெளியே விழுந்து சாலையோர மண்ணில் குப்புறக் கிடந்தாள். ஒரு கை தலைக்கு மேல் நீண்டிருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. கிளிப்பச்சை நிறத் துப்பட்டாவின் ஒரு நுனி ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்க, மறுநுனி அவள் தோளுக்கு அடியில் இருந்தது. நான் அவள் கால் பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து, பேருந்தும் துப்பட்டாவும் அவளும் ஒரே சட்டத்துக்குள் வருமாறு எடுத்தேன்.

நாலு நாள் கழித்து, கையில் மாவுக்கட்டோடு ஒரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். இறந்தவளுக்கு அவள் ஊர்க்காரி, திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பேரும் பிள்ளைப்பாக்கத்தில் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். அந்தப் பேருந்திலும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

"அண்ணே, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஐடி கார்டுக்கு ஒங்க கிட்டதான் போட்டோ எடுத்தா. ஊருக்குக் கொடுத்து விடணும். மால போடுத மாதிரி பெருசா எடுத்துத் தாங்க" என்றாள்.

கணினியில் தேடி எடுத்துக் காட்டினேன். நீல நிறப் பின்னணியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு முகம். குப்புறக் கிடந்தவளின் முகம் இதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைத் துணிப்பையில் வைத்து, கட்டுப் போடாத கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

இரண்டு வருடம் போயிற்று. ஒருநாள் முப்பது முப்பத்தைந்து வயதுள்ள ஒருவர் என்னைத் தேடி வந்தார். சுத்தமான சட்டை, நல்ல பேச்சு. ஒரகடத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேரை வைத்துக்கொண்டு கம்பெனிகளுக்கு வீடியோவும் கேமும் செய்து கொடுப்பதாகச் சொன்னார்.

"சார், கம்பெனி பஸ் டிரைவர்ஸுக்கு ஒரு டிரெய்னிங் கேம் பண்றோம். ஸ்டியரிங், பிரேக் எல்லாம் வெச்சு, பெரிய ஸ்கிரீன்ல. நம்ம ரோடு, நம்ம ஊர்ல நிஜமா நடந்த ஆக்சிடென்ட். அப்பதான் பயம் வரும். கார்ட்டூன் மாதிரி பண்ணா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. நீங்க போலீஸுக்கு எடுக்குறீங்கன்னு சொன்னாங்க."

"மூஞ்சியெல்லாம் தெரியுமே தம்பி."

"மூஞ்சி எதுவும் வராது சார். எங்க ஆளுங்க பாத்துட்டு வரைவாங்க, அவ்ளோதான். நாலு உயிர் பொழைச்சா உங்களுக்கும் புண்ணியம்."

புண்ணியம் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. அவர் கொடுத்த பணமும் பிடித்திருந்தது. ஃபோல்டரில் இருந்து ஐந்தாறு விபத்துகளை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அந்த மதிய நேரத்து விபத்தும் அதில் போயிற்று. யாரைக் கேட்க வேண்டும், காவல் நிலையத்தையா, செத்தவர்களின் வீட்டையா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வீட்டில் மனைவியிடம், "ரோடு சேஃப்டிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணிக்கினு வரேன்" என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்து, சாலைப் பாதுகாப்பு வாரத்தில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிக் கூடத்தில் அந்த விளையாட்டின் தொடக்க விழா. படம் எடுக்க என்னையே கூப்பிட்டார்கள். அறுபது எழுபது பேருந்து ஓட்டுநர்கள், முன் வரிசையில் அதிகாரிகள். மேடையில் நிஜ ஸ்டியரிங், காலடியில் பெடல், எதிரே சுவர் அளவுக்குத் திரை. 'உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது' என்ற எழுத்து முதலில் வந்தது. சிலர் உச்சுக் கொட்டினார்கள்.

முதலில் உட்கார்ந்த ஓட்டுநர் வயதில் மூத்தவர். நிஜப் பேருந்தைப் போலவே பொறுமையாக ஓட்டினார். இடது பக்கச் சாலையிலிருந்து லாரி வந்ததும் பிரேக் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. கைதட்டல்கூடச் சரியாக விழவில்லை. இரண்டாவது ஆள் தடுமாறி இடித்துவிட்டார். திரையில் கண்ணாடி உடைந்து ஆட்கள் வெளியே பறந்தார்கள். கூடம் ஒரு கணம் அடங்கியது. பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு குரல், "தூளு மாமே!" அவ்வளவுதான், கூடமே சிரித்தது.

மூன்றாவது ஆள் பிரேக்கைத் தொடவே இல்லை.

"பிரேக்க வுடு, வுடு, இன்னா ஆவுதுன்னு பாப்போம்!"

"அந்த ஆட்டோவத் தூக்குடா!"

அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தினமும் நாற்பது உயிரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள். ஒருநாள் இடித்துப் பார்க்கலாம், ஒன்றும் ஆகாது என்றால் யாருக்குத்தான் கால் துறுதுறுக்காது? நானும் சிரித்துக்கொண்டேதான் படம் எடுத்தேன். முன்வரிசை அதிகாரிகளும் சிரித்தார்கள்.

நாலாவது ஆள் இடித்தபோது திரை பேருந்துக்கு வெளியே திரும்பியது. சாலையோர மண். தலைக்கு மேல் நீண்ட கை. ஒரு காலில் செருப்பு. ஜன்னல் கம்பியில் மாட்டிய கிளிப்பச்சைத் துப்பட்டா. நான் முட்டி போட்டு உட்கார்ந்த அதே இடத்திலிருந்து, அதே கோணம். படங்களை வாங்கிப் போன கேம்காரர் சொன்னபடியே முகம் இல்லை. தலை சற்றுத் திரும்பியிருக்க, முகம் இருக்க வேண்டிய இடம் பொம்மைக்குத் தைத்த துணி மாதிரி வழவழவென்று இருந்தது.

'மீண்டும் முயலவும்' என்று எழுத்து வந்தது. பொத்தானை அழுத்தினார்கள். அவள் எழுந்து பேருந்துக்குள் போய் உட்கார்ந்திருப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆள் இடித்தார். மறுபடி விழுந்தாள். அந்த மதியம் அவளை ஏழு முறை கொன்றார்கள். நடுவில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "இன்னொரு வாட்டி போடச் சொல்லு, அந்தப் பொண்ணு வுழுறத நான் சரியா பாக்கல" என்றார். என் கையில் இருந்த பொட்டலத்தின் நெய் வாடை அன்றைக்குச் சாலையில் இருந்த வாடையாகவே மூக்கில் ஏறியது. மூடி, நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.

அப்போது கேம்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "போட்டோகிராபர் சாரும் ஒரு தடவை ஓட்டட்டும்! இதுல பாதி அவர் உழைப்பு!" என்று மைக்கில் சொன்னார்.

மறுத்திருக்கலாம். போய் உட்கார்ந்தேன். இந்த ஒரு முறையாவது அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். சாலையைப் பார்த்து ஓட்டி, லாரி தெரிந்த உடனே பிரேக்கை முழுதாக மிதித்தேன். பேருந்து நின்றது. லாரி கடந்து போனது. 'வெற்றி' என்று திரையில் வந்தது. "ஐயே, இவரு வேற" என்று பின்னால் சலித்துக்கொண்டார்கள். எனக்கோ நெஞ்சு நிறைந்து போயிற்று. நிஜமாகவே ஒரு உயிரைக் காப்பாற்றியது போல, கண்ணில் நீர்கூட வந்தது. எழுந்து வந்து கேமராவைக் கையில் எடுத்தபோதுதான் அது எவ்வளவு கேவலமான சந்தோஷம் என்று உறைத்தது. இடித்தவர்கள் விளையாடினார்கள். நானும் விளையாடினேன். அவள் செத்ததை வைத்து அவர்கள் சிரித்தார்கள், நான் அழுதேன். செத்தவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகும் நான் ஒன்றும் செய்யவில்லை. பயிற்சிக்குத்தானே என்று மனதை மூடிக்கொண்டேன்.

மூன்று மாதம் இருக்கும். ஸ்டுடியோவில் படத்துக்காகக் காத்திருந்த ஒருவர் கைபேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார். ஹாரன் சத்தமும் கண்ணாடி உடையும் சத்தமும் கேட்டு எட்டிப் பார்த்தேன். அதே சாலை, அதே பேருந்து. ஒரு வித்தியாசம். இப்போது விளையாடுகிறவர் ஓட்டுவது லாரியை. இடித்தால் மதிப்பெண். பேருந்திலிருந்து எத்தனை பேர் வெளியே விழுகிறார்களோ அத்தனை மடங்கு. ஆட்டம் தொடங்கும்போது, 'நிஜமாக நடந்த விபத்துகள். இப்போது உங்கள் கையில்!' என்று நெருப்பு எழுத்தில் வந்தது.

ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு நேரே ஒரகடம் போனேன். கேம்காரர் எழுந்து நின்று வரவேற்று டீ சொன்னார்.

"இன்னா தம்பி இது? பயம் வரணும்னுதானே வாங்கிக்கினு போனீங்க?"

"சார், டிரெய்னிங் வெர்ஷன அதுக்கப்புறம் ரெண்டு கம்பெனிதான் கேட்டாங்க. ஆனா அன்னிக்கு ஹால்ல பாத்தீங்கல்ல? எல்லாரும் இடிக்கத்தான் ஆசைப்பட்டாங்க. மக்கள் என்ன கேக்கறாங்களோ அதத்தானே குடுக்க முடியும்? போர், துப்பாக்கின்னு உலகம் பூரா நிஜத்த வெச்சுத்தான் கேம் பண்றாங்க."

"அந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமா? அவளுக்கு ஐடி கார்டு போட்டோ எடுத்தது நான்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது என்றே சொல்ல வேண்டும். கணினியில் எதையோ திறந்தார். "உங்களுக்கு அது சங்கடமா இருக்குன்னா மாத்திடலாம் சார். இப்பவே பாருங்க" என்று இரண்டு இடத்தில் தட்டினார். கிளிப்பச்சைத் துப்பட்டா ஆரஞ்சு நிறமாக மாறியது. "ஓகேவா சார்?" புடவைக் கடையில் அடுத்த நிறத்தை எடுத்து விரிக்கிறவர் கேட்பது போலவே இருந்தது.

"இத முழுசா எடுக்கலன்னா நான் ஸ்டேஷனுக்குப் போவேன்."

"தாராளமா போங்க சார். போலீஸ் போட்டோவ வெளிய குடுத்தது யாருன்னு மொதல்ல அங்கதான் கேப்பாங்க." மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது சொல்வதுபோலச் சொன்னார். டீ வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். வந்தேனே தவிர, ஸ்டேஷனுக்குப் போகவில்லை. இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இறந்தவளின் அறைத்தோழி வந்தாள். இப்போது அவள் கம்பெனியில் தன் லைனுக்கு லீடர். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணைப் படம் எடுக்கக் கூட்டி வந்திருந்தாள். அந்தப் பெண் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தபோது, எனக்குத் தாங்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். பென்டிரைவ், பயிற்சிக் கூடம், கைபேசி, நிறம் மாற்றியது, எல்லாமே.

சொல்லி முடிக்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"இத எதுக்குண்ணே எங்கிட்ட சொல்லுதிய?"

மேசைமேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்துத் தள்ளி வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"ஒங்க நெஞ்சுல கெடக்குத பாரத்த எறக்கி வைக்க எடம் இல்லாம எங்கிட்ட கொண்டாந்து வைக்கிய. எனக்கு வேற பாரம் இல்லன்னு நெனச்சியளோ?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கையை நீட்டினாள். "அதக் காட்டுங்க."

"வேணாம்மா."

"காட்டுங்கண்ணே."

என் கைபேசியில் அதை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தேன். சாட்சிக்கு என்று சொல்லிக்கொண்டாலும் இரண்டு மூன்று தடவை ஆடிப் பார்த்திருந்தேன். கொடுத்தேன். அவள் விளையாடவில்லை. லாரி தானாகப் போய் இடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். சாலையோர மண்ணும் நீண்ட கையும் ஆரஞ்சு நிறத் துப்பட்டாவும் வந்ததும் கைபேசியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"பச்சைல்லா அது. என் துப்பட்டா அது. அவ சுடிக்குச் சேரும்னு அன்னைக்குக் காலைல கேட்டு வாங்கிப் போட்டா." திரையை விரலால் ஒருமுறை தேய்த்தாள். "அவ செத்ததையும் எடுத்துக்கிட்டான். இப்பம் அது அவளே இல்லைன்னும் ஆக்கிட்டான். நல்லா இருக்குண்ணே."

கைபேசியை மேசைமேல் வைத்தாள். "நாளைக்கு எனக்கு ரெண்டாம் ஷிஃப்டு. காலைல ஸ்டேஷனுக்குப் போவோம். நீங்கதான் குடுத்தேன்னு ஒங்க வாயாலயே சொல்லணும்."

"என் பொழப்பு போயிடும்மா."

"போட்டும்."

மறுநாள் போனோம். எனக்குத் தெரிந்த முகங்கள்தான், எத்தனையோ முறை டீ வாங்கிக் கொடுத்த இடம். புகார் வாங்க உட்கார்ந்திருந்த காவலர் நான் சொன்னதைக் கேட்டு, "இன்னா சார், நீங்களே இப்படிப் பண்ணிக்கினு" என்று என்னைக் கொஞ்ச நேரம் திட்டினார். திட்டியது எனக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு கேமைக் காட்டச் சொன்னார். கைபேசியைத் திறந்து கொடுத்தேன்.

முதலில் எப்படி நகர்த்துவது என்று தெரியாமல் திரையைத் தடவினார். பிறகு பிடிபட்டது. "அட, இது நம்ம ஜங்ஷனு. டீக்கட கூட போட்டுகீறான் பாரு" என்றார். இன்னொரு காவலர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். லாரி வேகம் பிடித்தது. "லெஃப்ட்ல, லெஃப்ட்ல, பஸ்ஸு வருது பாரு" என்றார் அவர். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்பினார். முதல் முறை பேருந்து தப்பிவிட்டது. "ச்சே" என்றார். அவர் கட்டைவிரல் 'மீண்டும்' என்ற பொத்தானை அழுத்தியது.

அவள் எழுந்தாள். மேசைக்கு மேலே குனிந்து, அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து கைபேசியை உருவி எடுத்தாள். காவலர் கையிலிருந்து பொருளைப் பறித்த பெண்ணை அந்த அறையில் நான் அதுவரை பார்த்ததில்லை.

"சார், அந்த பஸ்ஸுலதான் நான் இருந்தேன்" என்றாள்.

அந்தக் காவலருக்கு ஐம்பது வயது இருக்கும். காது மடல் சிவந்து போயிற்று. எதையோ தேடுவதுபோல இழுப்பறையைத் திறந்து மூடிவிட்டு, வெள்ளைத் தாளை எடுத்து, "சொல்லும்மா, எழுதிக்கிறேன்" என்றார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். நான் கொடுத்த வாக்குமூலத்துக்கும் கையெழுத்து வாங்கினார்.

கேம்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு மாதத்துக்குள் அந்த விளையாட்டு ஆப் ஸ்டோரிலிருந்து காணாமல் போயிற்று. வழக்கு என்ற அளவுக்கு எதுவும் போகவில்லை. இனி என்னைக் கூப்பிட வேண்டாம் என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். இப்போது அந்த வேலைக்கு வேறொருவர் போகிறார். 'ஸ்டேஷன்' ஃபோல்டரை எதையும் திறந்து பார்க்காமல் மொத்தமாக அழித்தேன். அழித்த பிறகும் எல்லாம் அப்படியே கண்ணில் இருக்கிறது. அதை அழிக்கப் பொத்தான் இல்லை.

போன மாதம் வேறு பெயரில் ஒரு விளையாட்டு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு இறக்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு வடநாட்டுச் சாலை, பேருந்துக்குப் பதில் வேன், உண்மைச் சம்பவம் என்ற பேச்சே இல்லை. வேன் இடிபட்டதும் ஒரு ஆண் உருவம் மண்ணில் விழுந்தது. சட்டை, பேன்ட், மீசைகூட வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு கை தலைக்கு மேல் அதே அளவு நீண்டிருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு.

அந்தப் பெண்ணிடம் நான் இதைச் சொல்லவில்லை. நானே ஒரு மனு எழுதிக்கொண்டு தனியாகக் காவல் நிலையத்துக்குப் போனேன். அதே காவலர்தான் இருந்தார். "அந்தப் பொண்ணு வரலியா?" என்று கேட்டார்.

"இல்ல சார். இது என் கம்ப்ளெயின்ட்" என்றேன்.

கைபேசியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வேணாம், நீயே வெச்சுக்க" என்று தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை.